ஸ்டிக்கர் கிழியாத கத்தி

அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'கீறல்'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மோதி நசுங்கிய காரைக் கொண்டுவந்து நிறுத்தினால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயரான அவர் நசுங்கலைப் பார்க்கமாட்டார். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நசுங்கலுக்கு முந்தைய கீறல் ஒன்றைத் தேடுவார். கிடைத்துவிட்டால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இது பழசு சார், முன்னாடியே கவனிச்சிருக்கணும்" என்பார். காரின் சொந்தக்காரர் தலையில் கட்டோடு நின்றால், கட்டும் பழசாக இருக்குமோ என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு மடக்குக் கத்தி வாங்குவதென்றால் சும்மாவா?

ஆசை பிடித்தது ஒரு வீடியோவில். மார்பு வரை தாடி வைத்த ஒருவர், காட்டில்கூட இல்லை, தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று ஒரு கயிற்றை வெட்டினார். வெட்டிய துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு நாட்டைப் பிடித்தவர் மாதிரி கேமராவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்த சர்வேயருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் வாழ்க்கையில் கயிறு வெட்ட வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை. துணி காயப்போடும் கொடி அறுந்தால்கூட மனைவிதான் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டுவாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் எஃகு வகைதான் பேச்சு. எது துருப்பிடிக்காது, எது முனை மழுங்காது, விரித்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு எத்தனை விதம், டைட்டானியம் பிடி ஏன் கையில் வழுக்காது. மனைவி சாம்பாரைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"தக்காளி வெட்டுமா?"

"தக்காளிக்கெல்லாம் இதை எடுப்பாங்களா!"

"பின்ன எதுக்கு எடுப்பாங்க? ஃப்ரிட்ஜ் விலை சொல்றீங்க."

"ஆத்திர அவசரத்துக்கும்மா. கார் கவுந்து சீட் பெல்ட்டுல மாட்டிக்கிட்டேன்னு வெச்சுக்க. லிஃப்ட்ல துணி சிக்குதுன்னு வெச்சுக்க. அப்ப ஒரு ஆம்பளை பாக்கெட்ல கை விட்டா என்ன இருக்கணும்?"

"நம்மகிட்ட கார் இல்லையேங்க."

இந்த மாதிரி நேரங்களுக்கென்றே, பெரிய விஷயம் பேசும்போது சின்ன விஷயத்தை இழுப்பவர்களை மன்னித்துவிடுகிற ஒரு புன்னகை வைத்திருந்தார். அதை எடுத்துப் போட்டுக்கொள்வார்.

வீட்டில் முடிவாகாத விஷயம் இன்னொன்றும் இருந்தது. மனைவி ஒரு பெரிய மருந்துக்கடைக் குழுமத்தில் மருந்தாளுநர். வேறொரு ஊரில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவளையே பொறுப்பாளராகப் போட நினைத்தார்கள். பல வருஷம் நின்றுகொண்டே மாத்திரை எடுத்துக் கொடுத்தவளுக்கு முதல்முறையாக உட்கார ஒரு நாற்காலி. சேர்ந்து போகலாம் என்றாள். அவருடைய கம்பெனிக்கும் அங்கே கிளை உண்டு. சர்வேயர் அசையவில்லை.

"நான் இங்கதான் இருப்பேன். நீ அங்க தனியா போயி, ராத்திரி ஒரு ஆத்திர அவசரம்னா யாரு இருக்கா உனக்கு? இங்கன்னா நான் இருக்கேன்."

உண்மையில் அவர் தொண்டையில் சிக்கிய முள் வேறு. மனைவி பொறுப்பாளராகி, அவர் வெறும் 'கீறல்' ஆகவே இருந்தால் அலுவலகத்தில் என்ன பேசுவார்கள்? அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. பாதுகாப்பு என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது. அவளும் மறுக்கவில்லை. 'நான் இருக்கேன்' என்று ஒரு ஆள் சொல்லும்போது அதை எப்படித் தூக்கியெறிவது என்று, மேலிடத்துக்குப் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

இதற்கிடையில் சர்வேயர் கத்தியை வாங்கிவிட்டார். முழுசாக வாங்கினார் என்றும் சொல்ல முடியாது. மாலில், மலையேறுகிறவர்களுக்கும் ஊர்சுற்றுகிறவர்களுக்கும் சாமான் விற்கும் கடை. "சார், இது கத்தி இல்ல, ஒரு நம்பிக்கை" என்றான் விற்பனையாளன். சர்வேயர் அந்த நம்பிக்கையை மடக்கி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கீறலும் கிடைக்காமல் ஏமாந்தார். வாங்குவதா வேண்டாமா என்று நெற்றியைத் தேய்த்தார். விற்பனையாளன் புது டப்பா ஒன்றை எடுத்து வைத்து, பிடிக்காவிட்டால் இந்த மாசத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றான். ஒரே நிபந்தனை: கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக் டப்பாவின் வாயில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழியக் கூடாது.

இப்படித்தான் ஒரு கத்தி, டப்பாவுக்குள் இருந்தபடியே, அவர்கள் வீட்டில் சோதனைக்கு வந்தது. டப்பாவோடு பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தார். தொடை வீங்கியவர் போல இருந்தது. சோபாவில் உட்கார்ந்து பார்த்தார், குத்தியது. குத்துவது கத்தியின் குறையா டப்பாவின் குறையா என்று ஒரு வாரம் குழம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் சாப்பிட வந்தார். லாரி வைத்து ஓட்டுகிறவர். சிரித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

"என்ன மாப்ள, கத்தியெல்லாம்? யாரு மேல கோவம்?"

"கோவமில்ல மச்சான். ஒரு பாதுகாப்புக்கு."

"பிரிங்க, கையில பிடிச்சுப் பாக்கறேன்."

"ஐயோ, பிரிக்கக் கூடாது. பிரிச்சா திருப்பி எடுத்துக்கமாட்டான்."

"பிரிக்காம நல்லாயிருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் மச்சான் பார்த்துட்டிருக்கேன்."

மச்சான் தங்கையிடம் திரும்பினார். "நல்லவேளை, உன்னை நாங்க டப்பாவுல போட்டுக் கட்டிக்குடுக்கல. மனுஷன் இன்னும் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு இருந்திருப்பார்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கோ பாதியில் இறங்கிக்கொண்டது.

"வேலை விஷயம் என்னம்மா ஆச்சு?"

"இவர் வேணாங்கறார்ண்ணா. அங்க எனக்கு யாரும் இல்லையாம்."

"நீங்களும் மாத்தல் வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே மாப்ள?"

"அங்க என்னை யாருக்கும் தெரியாது மச்சான்."

"இங்க தெரிஞ்சு மட்டும் என்னத்தைக் கண்டீங்க?" என்று சொல்லிவிட்டு மச்சான் அப்பளத்தை நொறுக்கினார்.

மாசக் கடைசி வந்தது. கத்தியைத் திருப்பிக் கொடுக்கவும் அன்றுதான் கெடு. மனைவி தன் மண்டல மேலாளருக்குப் பதில் சொல்லவும் அன்று சாயங்காலம்தான் கெடு. சர்வேயர் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. கடை வாசலில் நின்றால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று கிளம்பினார். மனைவியும் கூட வந்தாள். எங்காவது உட்கார்ந்து ஒரு காபி குடித்துக்கொண்டே கடைசியாக ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று அவளுக்கு நப்பாசை.

மாலின் ஏசி குளிருக்குத் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். ஒரு முனை முதுகுக்குப் பின்னால் நீளமாகத் தொங்கியது. எஸ்கலேட்டரில் அவள் முன்னால், அவர் ஒரு படி கீழே. கையில் டப்பா.

"நான் சரின்னு சொல்லிடவா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"இரு, முதல்ல இது முடியட்டும்."

துப்பட்டாவின் முனை, படிக்கட்டுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நுழைந்தது. முதலில் யாரோ பின்னாலிருந்து செல்லமாக இழுப்பதுபோல அவள் தலை சாய்ந்தது. அடுத்த கணம் இடுப்பு மடங்கியது. பிறகு முழங்கால். இயந்திரம் துணியை நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டே மேலே போனது. அவள் இரண்டு கை விரல்களையும் துணிக்கும் கழுத்துக்கும் நடுவே நுழைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கூப்பிட வாய் திறந்தது, குரல் வரவில்லை.

மாசக்கணக்கில் அவர் காத்திருந்த ஆத்திர அவசரம் இதோ, கண் எதிரே.

சர்வேயரும் சும்மா நிற்கவில்லை. உடனே டப்பாவைத் தூக்கினார். ஸ்டிக்கரின் ஒரு மூலை நகத்துக்கு அகப்பட்டது. கிழித்தால் ஒரே இழுப்பு. அவர் கிழிக்கவில்லை, உரித்தார். மூலையை மெதுவாகக் கிளப்பி, பசை காகிதத்தோடு வருகிறதா, டப்பாவோடு நிற்கிறதா என்று பார்த்து, மறுபடி ஒட்டும்படியான பக்குவத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தார். இதோ வந்துவிட்டது என்றுகூடச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மனைவியின் முகம் நிறம் மாறுவதை அவர் பார்க்கத்தான் செய்தார். அவசரப்பட்டால் கிழிந்துவிடும் என்றும் பட்டது.

மேலே ஜூஸ் கடை வைத்திருந்த ஒரு பெண், தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு அப்படியே தாவி இறங்கி வந்தாள். இரண்டே அறுப்பு. துணி விட்டது. காவலாளி ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தான், எஸ்கலேட்டர் நின்றது. மனைவி அந்தப் பெண்ணின் தோளில் சரிந்து இருமினாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம் எழும்பிக்கொண்டிருந்தது. கத்தியிலிருந்த தர்பூசணிச் சாறு வேறு ரத்தம் மாதிரி ஒழுகியதில், பார்த்தவர்களுக்கு நெஞ்சு பகீரென்றது.

அவளை மேலே கூட்டிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துணியில் ஐஸைச் சுற்றிக் கழுத்தில் ஒற்றினாள் ஜூஸ்காரி. பிறகுதான் சர்வேயரின் கையைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த டப்பாவுல என்னங்க?"

"கத்தி."

"கத்தியா? கையில கத்தியை வெச்சுக்கிட்டேவா நின்னீங்க?"

"ரிட்டர்ன் பண்ணணும்" என்றார் சர்வேயர்.

கூடியிருந்தவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மனைவி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஐஸை வாங்கித் தானே பிடித்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவர் பக்கத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நீ உக்காந்திரு. கடை இந்த மாடியிலதான். இன்னைக்கு விட்டா எடுத்துக்கமாட்டான். போன கால் வந்த காலா வந்துடறேன். மூலை கொஞ்சம் எழும்பிடுச்சு, பரவாயில்ல, அழுத்திட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

விற்பனையாளன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் வேலையை இன்னொருவன் தன் பொருளில் செய்வதைச் சர்வேயர் பார்த்துக்கொண்டு நின்றார். எழும்பிய மூலையின் மேல் அவன் கட்டைவிரல் ஒருமுறை நின்றது. நல்லவேளை, தாண்டிப் போனது.

"பிரிக்கவே இல்லையா சார்?"

"இல்ல."

"தேவையே வரல?"

"வந்துச்சு. பிரிக்கல."

"அதுக்கெல்லாம் ஒரு கட்டுப்பாடு வேணும் சார். எல்லாருக்கும் வராது." அவன் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. பணமாகத் தரும் வழக்கமில்லை, அதே தொகைக்கு இந்தக் கடையில் என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கூப்பனை நீட்டினான்.

சர்வேயர் பாரம் இறங்கியவராகத் திரும்பி வந்தார். மனைவி போனில் பேசி முடித்து, அதைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிர் நாற்காலியில் அமர்ந்து, நெடுநாள் ஆராய்ச்சியின் முடிவைச் சொல்லும் குரலில் ஆரம்பித்தார்.

"நல்லதாப் போச்சு, வாங்கிடல. அவ்வளவு காசு பெறாது. ஆத்திர அவசரத்துக்குச் சட்டுனு எடுக்க வரலை, பார்த்தியா?"

"பார்த்தேன்." அவள் குரல் கரகரத்தது.

"போன்ல யாரு?"

"மண்டல மேனேஜர்."

"வேணாம்னு சொல்லிட்டியா?"

"வர்றேன்னு சொல்லிட்டேன்."

சர்வேயருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன நீ! அங்க தனியா..."

"இங்க யாரோட இருந்தேன்?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். கோபத்தில் பேசியதென்று தள்ளிவிடலாம். மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் தன் மன்னிக்கிற புன்னகையைத் தேடினார். அது வரவில்லை. கையில் மிச்சமிருந்தது கூப்பன்தான். அதை நீட்டினார்.

"இந்தா. எதுவேணா எடுத்துக்கலாமாம். உனக்குப் பிடிச்சதா ஒண்ணு எடுத்துக்க."

அவள் கூப்பனை வாங்கி இரண்டு பக்கமும் படித்தாள்.

"அந்தக் கடையில சூட்கேஸ் இருக்கா?"

"இருக்கே!" ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. தெரிந்த நிலத்தில் மறுபடி கால் பட்டுவிட்டது. "ஆனா எடுத்தோம் கவுத்தோம்னு வாங்கிடக் கூடாது. முதல்ல சக்கரத்தைப் பார்க்கணும். கைப்பிடி ஆடுதான்னு பார்க்கணும். ஜிப்பு இருக்கு பாரு, அதுலதான் ஏமாத்துவான்..."

ஜூஸ்காரியிடம் ஐஸ் துணியைக் கொடுத்து, அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு, மனைவி கடையை நோக்கி நடந்தாள். வெட்டுப்பட்ட துப்பட்டா ஒரு தோளோடு முடிந்திருந்தது. சர்வேயர் ஜிப்பைத் தாண்டி உள்துணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூஸ்காரி அவரையே பார்த்துக்கொண்டு தர்பூசணி வெட்ட ஆரம்பித்தாள்.