யூனிஸ் டீச்சரின் மீன் சட்டி

என் பூனையை யூனிஸ் டீச்சர் மயக்கிவிட்டார் என்று சொன்னால் எங்கள் கட்டடத்தில் யாரும் நம்பவில்லை. காரணம், அவர் நல்லவர். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர் வீட்டிலிருந்து கஞ்சி போகும். நல்லவர்கள் திருடினால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் நான் முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் குப்பை கொட்டியவன். மயிரிழை கோணல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட கண்ணுக்கு எதிர்வீடு எம்மாத்திரம்?

முதல் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் பாலசுப்ரமணியனாகிய நானும் என் மனைவி வனஜாவும். எதிரில் யூனிஸ் டீச்சரும் அவர் கணவர் கில்பர்ட்டும். நடுவில் நாலடி நடை. என் மாணிக்கம் அந்த நாலடியைத் தாண்டிப் போய்விட்டது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மாணிக்கம் குட்டியாக மழையில் நனைந்து என் ஸ்கூட்டருக்கு அடியில் கிடந்தது. துண்டால் துடைத்தவன் நான். பெயர் வைத்தவன் நான். எங்களுடையது தலைமுறை தலைமுறையாகச் சைவக் குடும்பம். முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புவோம். மாணிக்கமும் அப்படியே வளர்ந்தது. காலையில் பால், மத்தியானம் தயிர் சாதம், ராத்திரி நெய் விட்ட பருப்பு சாதம். ஒருமுறை மகள் புனேயிலிருந்து பூனைத் தீனிப் பாக்கெட் அனுப்பினாள். மேலே மீன் படம் போட்டிருந்தது. கொண்டுவந்த பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வனஜாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "மீன் இந்த வாசப்படியைத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, நான் தாண்டி வெளிய போயிடுவேன்."

சாயங்காலம் நான் டிவியில் செய்தி பார்க்க உட்கார்ந்தால் மாணிக்கம் மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். மகளும் கல்யாணமாகிப் போய், வேலையும் முடிந்த பிறகு, என்னைத் தேடி வருகிற ஜீவன் அது ஒன்றுதான். இதை வனஜாவிடம் சொன்னதில்லை. சொன்னால், "அப்போ நான் யாரு?" என்பாள்.

தீபாவளிக்குப் பிறகு மத்தியான வேளைகளில் அது காணாமல் போக ஆரம்பித்தது. தயிர் சாதம் தட்டில் காய்ந்து கிடந்தது. சாயங்காலம் வந்தால் மடியில் ஏறாமல், ஜன்னலோரம் படுத்து மீசையை நக்கிக்கொண்டிருக்கும். தூக்கி முகர்ந்து பார்த்தேன். மீன்!

மறுநாள் கதவிடுக்கு வழியாகக் கண்காணித்தேன். யூனிஸ் டீச்சர் தன் வாசலில் ஒரு மண்சட்டியின் மூடியை இரண்டு தட்டுத் தட்டி, "பெனி, வா கண்ணு" என்றார். என் மாணிக்கம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தீனி போட்டதுகூடப் போகட்டும். பெயரையே மாற்றிவிட்டார்கள். நான் போய் நின்றேன்.

"டீச்சர், எங்க பூனைக்கு ஏதாவது போடறீங்களா?"

"பசின்னு வந்து நிக்குது. எப்படி சார் துரத்தறது?"

"எங்க வீட்ல அதுக்குப் பசின்னா என்னன்னே தெரியாது."

டீச்சர் என்னைத் தாண்டி எங்கள் கதவை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், "சரி சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாளும் மூடிச் சத்தம் கேட்டது.

"ஞானஸ்நானமே குடுத்துட்டாங்க வனஜா. மாணிக்கம் இப்போ பெனியாம்" என்று நான் குதித்தேன்.

"பூனைக்கு ஏதுங்க மதம்? வயிறுதான் இருக்கு" என்றாள் அவள், காய் நறுக்கிக்கொண்டே. என் பக்கம் பேசக் கூடிய ஒரே ஆளும் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? நானே களத்தில் இறங்கினேன். பனீரை நெய்யில் வதக்கி வைத்தேன். மாணிக்கம் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டைச் சுற்றித் தரையைக் காலால் பிராண்டி மூடப் பார்த்தது. பூனை எந்த வேலையை முடித்த பிறகு அப்படிப் பிராண்டும் என்று பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும். இதைவிட ஒருவனை அவமானப்படுத்த முடியாது.

பிப்ரவரியில் எனக்கு நல்ல காலம் பிறந்தது. ஒரு புதன்கிழமை டீச்சரும் கில்பர்ட்டும் நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பினார்கள். படியில் கில்பர்ட்டை நிறுத்தி விசாரித்தேன்.

"இன்னைக்கு விபூதிப் புதன் சார். தவக்காலம் ஆரம்பிச்சாச்சு. இனி ஈஸ்டர் வரைக்கும் மீன், கறி எதையும் தொடக் கூடாது. யூனிஸ் இதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றார், பாதி செத்த குரலில்.

நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஏன் குலுக்குகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. எதிர்வீட்டில் மீன் இல்லை என்றால் மாணிக்கத்துக்கு அங்கே என்ன வேலை? அன்று மத்தியானம் தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

எதிர்வீட்டில் மூடிச் சத்தம் கேட்டது. மாணிக்கம் என் தட்டைத் தாண்டிக் குதித்து ஓடியது.

திரும்பி வந்ததும் பிடித்து முகர்ந்தேன். மீனேதான். மறுநாளும் மீன். அதற்கு மறுநாள் நடையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். டீச்சர் வீட்டுக் கதவுக்கு அடியிலிருந்து மீன் வேகும் வாசனை வந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. ஊருக்கெல்லாம் கஞ்சி கொடுக்கிற புண்ணியவதி, நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு மீன் சாப்பிடுகிறார்!

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை இங்கே எழுதினால் அசிங்கமாக இருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் டீச்சர் வீட்டில் அன்பியம். அதாவது அவர்கள் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபம் செய்வது. நடை முழுக்கச் செருப்புகள். மௌரீன் என்ற பெரிய அம்மா தலைமை. எல்லோரும் உட்கார்ந்ததும் நான் போய் வாசலில் நின்றேன்.

"வாங்க சார்" என்றார் டீச்சர்.

"ஜெபத்துக்கு வரல. ஒரே ஒரு சந்தேகம் கேட்டுட்டுப் போயிடறேன். தவக்காலத்துல மீன் சமைக்கலாமா?"

"கூடாதுன்னு நாங்களா முடிவு பண்ணி விட்டிருக்கோம். ஏன் கேக்கறீங்க?" என்றார் மௌரீன் அம்மா.

"இந்த வீட்ல தினம் மத்தியானம் மீன் வேகுது. வேணும்னா அந்த மண்சட்டியை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

எல்லாத் தலைகளும் டீச்சர் பக்கம் திரும்பின.

"யூனிஸ், சார் என்ன சொல்றாரு?" என்றார் மௌரீன் அம்மா.

கில்பர்ட், "அது வந்து..." என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க" என்று டீச்சர் அடக்கினார். அவர் முகம் சிவந்துவிட்டது. மறுபடியும் என்னைப் பார்க்காமல், என் தோளுக்குப் பின்னால் எங்கள் கதவைப் பார்த்தார். "ஆமா. மீன் வேக வெச்சேன்" என்றார்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வந்தது.

"அது எங்க வீட்டு மீன்."

வனஜா நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் தோசை மாவு.

"நான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டதாலதான் அவங்க வெச்சுத் தராங்க. மீனும் நான்தான் வாங்கறேன். ஜீவனஹள்ளியிலேர்ந்து தள்ளுவண்டில வர லட்சுமம்மாகிட்ட."

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற என் வனஜா மீன் வாங்குகிறாள்!

"தீபாவளிக்கு முன்னாடி மாணிக்கம் நாற்காலி கால்ல எல்லாம் முட்டிக்கிட்டே நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? சோம்பேறிப் பயலுன்னு சிரிச்சீங்க. கண்ணு மங்கிப் போயிருந்துச்சுங்க. காக்ஸ் டவுன்ல டாக்டர்கிட்ட காட்டினேன். பூனைக்கு மாமிசம் இல்லாம முடியாதும்மா, இருக்கற பார்வையாவது நிக்கணும்னா மீன் போடுங்கன்னாரு. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? வாசப்படியைத் தாண்டிப் போயிடறவராச்சே நீங்க."

தரக்கட்டுப்பாட்டில் முப்பது வருடம். மடியில் படுத்திருந்த பூனைக்குக் கண் மங்கியது தெரியவில்லை.

"தவக்காலத்துல வேணாம் டீச்சர்னு நான் சொன்னேன்" என்று வனஜா மௌரீன் அம்மாவிடம் சொன்னாள். "நாங்க ஒருசந்தி நோன்பு இருந்தா வாயில்லா ஜீவன் எதுக்குப் பட்டினி கிடக்கணும்னு சொல்லி, இவங்கதான் என் பேச்சைக் கேக்கல."

"அந்த வாசனைல உக்காந்துக்கிட்டு தினம் கத்தரிக்காய் சாப்பிடறேன் சார்" என்றார் கில்பர்ட். சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் டீச்சர் தப்பித்திருப்பார். சொன்னால் வனஜா மாட்டுவாள் என்று, சொந்தக் கோயில் ஜனங்கள் முன்னால் தலைகுனிந்து நின்றார். நானோ எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றியவரின் மானத்தை வாங்குவதற்காகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்றேன்.

"உள்ள வந்து உக்காருங்க சார். ஜெபத்துக்கு நேரமாச்சு" என்றார் மௌரீன் அம்மா. திரும்பிப் போகக் கால் வராததால் உட்கார்ந்தேன். கடைசியில் யார் யாருக்காகவோ வேண்டிக்கொண்டார்கள். கோபக்காரர்களுக்காகவும் ஒரு மன்றாட்டு இருந்தது. ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததுதான் என்று கில்பர்ட் பின்னால் சத்தியம் செய்தார்.

மறுநாள் காலையில் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஈஸ்டர் வரைக்கும் உங்க வீட்ல மீன் வேக வேணாம். சட்டியைக் குடுங்க. நான் பார்த்துக்கறேன்."

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்து கொடுத்தார்.

முதல் நாளே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். நாற்றம் ஈரத்தில்தானே இருக்கிறது? கத்தரிக்காயைக் காயவைத்தால் வற்றல். அதற்கென்ன நாற்றம் இருக்கிறது? அதேபோல் காயவைத்த மீன் சாதுவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, மார்க்கெட்டுக்குப் போய்க் கருவாடு வாங்கி ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பாதி வழியிலேயே சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது தெருப்பூனைகள் எல்லாம் எனக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தன. அந்த ஸ்கூட்டரில் வனஜா இன்றுவரை ஏறுவதில்லை.

அப்புறம் லட்சுமம்மாவின் தள்ளுவண்டிக்கே போனேன்.

"எஷ்டு பேக்கு சார்? எவ்ளோ வேணும்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "வனஜாம்மா வீட்டுக்காரரா? உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னாங்களே!" தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருந்தது.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், ஒரு மின்சார அடுப்பு. முகத்தில் கைக்குட்டை, மூக்கில் தைலம். மீன் வாசற்படியைத் தாண்டி வந்தால் வெளியே போவேன் என்று சொன்னவன், தினமும் மீனுக்காகவே வாசற்படியைத் தாண்டிப் போனேன். முதல் நாள் இரண்டு தடவை ஓங்கரித்தேன். முள் எடுக்கத் தெரியாமல் விரலில் குத்திக்கொண்டேன். கீழேயிருந்து கில்பர்ட், "சார், சட்டிக்கு மூடி போடுங்க! என்னால முடியல!" என்று கத்தினார்.

மூடியை இரண்டு தட்டுத் தட்டினேன். மாணிக்கம் படியேறி வந்தது. சட்டிக்கு எதிரில் ஒரு கணம் தடுமாறி நின்று, மூக்கால் தேடி, என் கையைக் கண்டுபிடித்தது. மங்கிய கண்ணை இவ்வளவு நாள் கழித்து அன்றுதான் சரியாகப் பார்த்தேன். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தைலத்தின் காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும் என்பது வனஜாவின் சட்டம். எவ்வளவு குளித்தாலும் விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அன்று சாயங்காலம் செய்தி ஆரம்பித்ததும் மாணிக்கம் மடியில் ஏறி, அந்த விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, பழைய இடத்தில் சுருண்டு படுத்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை டீச்சர் எங்களுக்கென்று முட்டை போடாமல் செய்த கேக்கோடு வந்தார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க சார். சட்டியைக் குடுத்தீங்கன்னா இன்னைலேர்ந்து பெனிக்கு நானே வெச்சுடுவேன். உங்களுக்கும் விடுதலை."

மாணிக்கம் எங்கள் இருவருக்கும் நடுவே, நடையில் உட்கார்ந்திருந்தது.

"சட்டி இன்னும் கழுவல டீச்சர்" என்றேன்.

"நேத்தே கழுவிக் கவுத்து வெச்சாச்சே!" என்று வனஜா உள்ளேயிருந்து கத்தினாள்.

"காயல" என்றேன்.

டீச்சர் நடை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஏப்ரல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"எப்போ சார் காயும்?"

"மழை வர மாதிரி இருக்கு" என்றேன். "நாளாகும் டீச்சர்."

டீச்சர் சிரித்துக்கொண்டே கேக்கை என் கையில் கொடுத்தார். "கழுவினதும் தேங்காயெண்ணெய் தடவி வைங்க சார். இல்லன்னா சட்டி விரிசல் விட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கேக்கை வனஜாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குக் கிளம்பினேன். மாணிக்கம் எனக்கு முன்னாலேயே படியேறிப் போய்க்கொண்டிருந்தது.