மூடாத கை

பட்டறையில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். வம்புக்காக வைத்த பெயர் இல்லை. அவள் வாயால் வண்ணம் தீட்டுகிறவள். காவி மண்ணைத் தண்ணீரில் கரைத்து வாயில் வைத்துக்கொண்டு, சுவரில் பதித்த ஒரு கையைச் சுற்றிப் புஸ் புஸ்ஸென்று ஊதுவாள். கையை எடுத்தால் அதன் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும், சுற்றிலும் சிவப்பு. சரி, வம்பும் கொஞ்சம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குள் இருக்கும் அசல் குகையைப் பூட்டி ஆறு வருடம் ஆகிறது. பார்க்க வந்த கூட்டம் விட்ட மூச்சிலேயே சுவரில் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. முப்பதாயிரம் வருடம் ஓவியமாகச் சிவனே என்று நின்ற எருதுகளை நாம் பத்தே வருடத்தில் ஊதித் தள்ளிவிட்டோம். அதனால் ஊருக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு நூல் ஆலைக்குள், அதே குகையை அச்சு அசலாகச் செய்துகொண்டிருந்தார்கள். சுவரை வார்த்துக் கொடுப்பவர் சுண்ணாம்பு. அவருக்கும் வேறு பெயர் இருந்திருக்கும், யாருக்கும் நினைவில்லை. வண்ணம் வாய்க்காரியுடையது. அளவு பார்ப்பவர் பேராசிரியர். சட்டைப்பையில் அளவுகோல் இல்லாமல் அந்த மனுஷர் குளிக்கக்கூடப் போகமாட்டார் என்பார் சுண்ணாம்பு.

அசலை வரைந்தவர்களுக்குப் பட்டறையில் பழைய கான்ட்ராக்டர் என்று பெயர். ஆணா பெண்ணா என்று பேராசிரியர் சொல்லமாட்டார். வாய்க்காரிக்குச் சந்தேகமே கிடையாது, பெண்தான். பாறை புடைத்த இடத்தை எருதின் தோளாக்கி, விரிசல் ஓடிய இடத்தை அதன் அடிவயிறாக்கி, முதுகை ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறாள். எங்கேயும் அழித்து எழுதியதாகத் தெரியவில்லை. கையிலிருந்த விளக்கு மங்குவதற்குள் முடிக்க வேண்டிய வேலை, ஆனால் ஒரு கோட்டிலும் அவசரம் இல்லை.

“அந்தம்மா முன்னாடி நான் சும்மா ஜுஜுபி,” என்பாள். தன் வேலையைப் பற்றி அவள் அடக்கமாகப் பேசும் ஒரே வாக்கியம் அதுதான்.

கடைசியாக மிஞ்சியது கைச்சுவர். அதில் முப்பத்தோரு கைகள். அட்டையை வெட்டி வைத்து ஊதக்கூடாது, ஓரம் பொய் சொல்லிவிடும், உயிருள்ள கைதான் வேண்டும் என்பது பேராசிரியரின் சட்டம். பட்டறையில் இருந்தவர்கள் எல்லோருடைய கையையும் அளந்து, பொருத்தமானவர்களை நிறுத்தி முப்பதை முடித்தாயிற்று. பதினான்காவது கை சுண்ணாம்புடையது. தான் இனிமேல் சாகாவரம் பெற்றவன் என்று அவர் ஒரு வாரம் எல்லோரையும் படுத்தி எடுத்தார்.

முப்பத்தோராவதுதான் சிக்கல். அது பச்சைக்குழந்தையின் கை, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஐந்து விரலும் அகல விரிந்திருக்கும். அதன் மணிக்கட்டைப் பிடித்தபடி ஒரு பெரிய கையின் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் தெரியும். அதற்கான விளக்கப் பலகை ஏற்கெனவே அச்சாகி வந்து மூலையில் சாய்ந்திருந்தது: ‘தாயும் சேயும் விளையாடிய விளையாட்டு’.

வாய்க்காரிக்கு வாய்த்தவன் ஒரு கல்லுளிமங்கன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வண்டி நிறையப் பிள்ளைகள் கத்தினாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. ரத்தப்போக்கில் இவள் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள், விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையைக் கையில் வாங்கியவன் அவன். கொண்டுபோய்ப் புதைத்தவனும் அவன். பெண் என்பதே நர்ஸ் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். எப்படி இருந்தாள், யார் ஜாடை என்று கேட்டால் எழுந்து போய்விடுவான். தட்டில் பாதிச் சோறு இருந்தாலும் கை கழுவிவிடுவான். ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டாள். அதற்கப்புறம் பிள்ளை தங்கவும் இல்லை. பெற்ற பிள்ளையின் முகம் தெரியாமல் ஒருத்தி ஒன்பது வருடம் சமைத்து, துவைத்து, சிரித்துப் பேசிக்கொண்டு இருந்துவிட முடியுமா? இருந்தாள். அவனை மன்னிக்கவில்லை, அவ்வளவுதான்.

நாத்தனாருக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை இருந்தது. வாய்க்காரி போய்க் கேட்டாள்.

“கலர்ல ஒண்ணும் ஆகிடாதே அண்ணி?”

“மண்ணும் தண்ணியும்தான். நான் வாயிலேயே வச்சுக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?”

“உங்க வாய்க்கு எது ஆகும்?” என்று சிரித்துக்கொண்டே நாத்தனார் சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவன் அந்தக் கல்லுளிமங்கன்தான். நான்கு வருடமாக மனைவி வேலை செய்யும் இடத்துக்குள் அன்றுதான் முதன்முறையாக வந்தான். வந்தவன் உள்ளே வரை வராமல் கதவோரம் நின்றுகொண்டான்.

குழந்தையின் கையைச் சுவரில் வைத்தார்கள். உடனே முஷ்டி. வாய்க்காரி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள், உள்ளங்கை எதிலோ பட்டதும் மறுபடி முஷ்டி. ஒரு வாய்க் காவியை ஊதிப் பார்த்தாள். குழந்தை வீலென்று கத்தியது. சுவரில் விழுந்தது கை இல்லை.

“உருளைக்கிழங்கு நல்லா வந்திருக்கு,” என்றார் சுண்ணாம்பு.

பால் கொடுத்துத் தூங்கவைத்தார்கள். தூக்கத்தில் கை தளரும் என்று நம்பி வாய்க்காரி ஆள்காட்டி விரலை மெல்ல உள்ளங்கைக்குள் நுழைத்தாள். தூங்குகிற குழந்தை அந்த விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. விரலை உருவ மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நாத்தனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

நான்கு முறை பார்த்தாயிற்று. பேராசிரியர் அசலின் பெரிய புகைப்படத்தை விரித்து வைத்து மண்டையைச் சொறிந்தார்.

“அவங்க மட்டும் எப்படிப் பண்ணாங்க? அஞ்சு வாயாவது ஊதியிருக்கணும். அவ்வளவு நேரமும் கை கொஞ்சம்கூட அசையல. ஓரத்தைப் பாருங்க, கத்தியால கீறின மாதிரி இருக்கு.”

“பழைய கான்ட்ராக்டர் ஏதாவது தாலாட்டு பாடியிருப்பாரு சார்,” என்றார் சுண்ணாம்பு.

“உசுரு இருந்தா மூடும்.”

கதவோரத்திலிருந்து வந்த குரல். எல்லோரும் திரும்பினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை, புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உசுரு இல்லன்னா மூடாது. நாம விரிச்சு வச்ச மாதிரியே இருக்கும்.”

நாத்தனார் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். பேராசிரியர் ஆதாரம் என்று ஏதோ ஆரம்பித்தார். புகைப்படத்தில் மணிக்கட்டைப் பிடித்திருந்த பெரிய விரல்களை இன்னொரு முறை பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

வாய்க்காரி வாயில் மிச்சமிருந்த காவியைத் துப்பினாள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தெரியும். அவளுக்குப் பதில் தெரியும். அவன் வாயால் வரவேண்டும் என்றுதான் கேட்டாள். வெளியே போய்விடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் போகவில்லை.

“மொதல்ல சுருண்டிருந்துச்சு. விரலெல்லாம் சரியா இருக்கான்னு பாக்க நான்தான் விரிச்சேன். அப்புறம் திரும்ப மூடிவிடப் பாத்தேன். மூடல. துணியில சுத்தின பிறகும் அந்தக் கை வெளிய தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.”

“எவ்வளவு பெருசு?”

அவன் தன் நடுவிரலைக் காட்டி, நுனியிலிருந்து இரண்டாவது மடிப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம்வரை தொட்டுக் காண்பித்தான்.

பேராசிரியர் தன் சட்டத்தைத் தானே உடைத்தார். “மெழுகுல செஞ்சுக்கோங்கம்மா,” என்றார் மெதுவாக.

வார்ப்புக்கு வைத்திருந்த மெழுகைப் பிசைந்து அவள் ஒரு கை செய்தாள். அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். புகைப்படத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “சுண்டுவிரல் இவ்வளவு நீளம் இல்ல. கட்டைவிரல் இன்னும் வெளிய. மெல்லிசு, இன்னும் மெல்லிசு.” ஒன்பது வருடத்தில் அவன் அவளிடம் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசியதில்லை.

மெழுகுக் கையைச் சுவரில் வைத்து மணிக்கட்டை அவன் பிடித்துக்கொண்டான். அவள் ஊதினாள். ஒரு வாய், இரண்டு வாய். காவி அவன் விரல்மேல் தெறித்து வழிந்தது. ஐந்தாவது வாய் முடிந்தது.

“போதும், எடுங்க.”

“இரு,” என்றான்.

அவள் இருந்தாள். அந்தப் பழைய கான்ட்ராக்டரும் கையை உடனே எடுத்திருக்கமாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. குழந்தையைப் பிடித்தது ஒருவர், ஊதியது இன்னொருவர். குகைக்குள் அன்றைக்கும் இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள்.

அவன் கையை எடுத்தான். சுவரில் அவர்களுடைய மகளின் கை இருந்தது.

பேராசிரியர் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். இரண்டு முறை அளந்தார்.

“மூணு மில்லிமீட்டர் சின்னதா இருக்கும்மா.”

“சின்னதுதான் சார்,” என்றாள்.

“அசலோட ஒத்துப்போகலன்னா திறக்க அனுமதி கிடைக்காது. எனக்கு வேற வழி தெரியல.”

அவர் கெட்டவர் இல்லை. அந்த வேலைக்கு அதுதான் விதி, அவளே அதைச் சொல்லிப் பல பேரைத் திட்டியிருக்கிறாள். ஈரம் காய்ந்தால் அழிப்பது கஷ்டம். சுண்ணாம்பு பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தார், அவள் அதைப் பிடுங்கித் தானே துடைத்தாள். மேலிருந்து கீழாக மூன்று இழுப்பு. மகளின் உடம்பில் அவள் கண்ணால் பார்த்த ஒரே ஒரு பாகம் சிவப்புத் தண்ணீராக வழிந்து வாளிக்குள் போனது.

“பலகையையாவது மாத்துங்க சார். அது விளையாட்டு இல்ல.”

“பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்ற இடம்மா,” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

நாளை சரியான அளவில் இன்னொரு மெழுகுக் கை செய்வாள். அது தேறிவிடும். பலகையும் அங்கேயே நிற்கும்.

திரும்பும்போது நாத்தனார் குழந்தையோடு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வாய்க்காரி முன்னால் உட்கார்ந்தாள். அவள் பல்லிடுக்கில் மண் கரகரத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் சிவந்திருந்தன. கிளம்பும்போது சுண்ணாம்பு தண்ணீர் கொடுத்தும் அவன் கழுவவில்லை.

கடைத்தெரு முனையில் சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டி நின்றது.

“தலை நிறைய முடி இருந்துச்சு,” என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. எங்கே நிறுத்திவிடுவானோ என்று பயம்.

“ஈரமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. என் சட்டையால தொடச்சுவிட்டேன்.”

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவன் வண்டியை எடுக்கவில்லை.

“காது உன் காது,” என்றான்.