அம்மாவின் கல்யாணக் கண்கள்

பழைய கல்யாணப் படத்தை நீட்டி, "இதே மாதிரி மேக்கப் வேணும்" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பாதிப் பேருக்குப் பழசு என்கிற பேர் போதும், படத்தைச் சரியாகப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். இந்தப் பெண் அப்படியில்லை. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை என் மடியில் வைத்து, "அக்கா, இது எங்கம்மா. ஒரு முடிகூட மாறக்கூடாது" என்றாள்.

"ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

"மாப்பிள்ளையை நானே பாத்தேன். அம்மா 'உன் இஷ்டம்'னு சொன்னதோட சரி. நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல. அவங்களை மாதிரியே போய் நின்னா ஏதாவது சொல்லுவாங்கல்ல?"

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேராம். அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் மனசு இளகிவிட்டது.

கல்யாணத்தன்று காலை ஜன்னல் திரையைத் தாண்டி வந்த வெயிலில் பவுடர் தூள் மிதந்துகொண்டிருந்தது. முன்நெற்றி முடியைச் சுருட்டினேன். ரவிக்கையின் பஃப் கையை நீவி நிமிர்த்தினேன். கண்ணோரம் மையை வால் போல இழுத்தேன். இமைதான் லேசில் வரவில்லை. படத்தில் அது கனத்துப் பாதி தாழ்ந்து, கனவில் இருப்பவள் இமை போலிருந்தது. அந்தக் காலத்து ஸ்டைலே தனி என்று சொக்கிப்போனேன். சாம்பல் நிறத்தில் துளி ரோஸ் கலந்து, விரலால் தேய்த்துத் தேய்த்து அந்தக் கனத்தை வரவழைத்தேன். கண்ணாடிக்குள் மெல்ல மெல்ல வேறொரு காலத்துப் பெண் எழுந்து வந்தாள். என் கையே எனக்குப் புதிதாகத் தெரிந்தது. வாயாடி கண்ணாடியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகுதான் கதவுப் பக்கம் திரும்பி, "அம்மா, உள்ள வா" என்று கூப்பிட்டாள்.

அம்மா வந்தார். முகம் மலர்ந்தது. முடிச்சுருளைத் தொட்டார், பஃப் கையைத் தொட்டார். மகளின் கண்ணைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"அழுதியா?"

"இல்லம்மா, மேக்கப்! உன் போட்டோல இருக்கிற மாதிரியே."

அவர் என் பக்கம் திரும்பினார். "அது மேக்கப் இல்லம்மா. ராத்திரி பூரா அழுது வீங்கின கண்ணு. போட்டோகாரர் ஐஸ்கூட வெச்சுப் பாத்தாரு, வீக்கம் வத்தல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்தவர் அழுகையை அளவு பிசகாமல் எடுத்து ஒரு மணப்பெண்ணுக்குப் பூசி வைத்திருக்கிறேனே!

"அப்பாவைப் புடிக்கலையாம்மா?" என்றாள் மகள்.

"போகப் போகப் புடிச்சுது. அது வேற கதை." மகளின் முகத்தை இரு கையாலும் ஏந்திக்கொண்டார். "அன்னிக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நானும் உன்னைக் கேக்காமலே இருந்துட்டேன். மனசாரப் புடிச்சுத்தானே கட்டிக்கிறே?"

"ரொம்பப் புடிச்சிருக்கும்மா."

அம்மா என் கையிலிருந்த பஞ்சை வாங்கிக்கொண்டார்.

"கண்ணை மூடு," என்று இமையைத் துடைக்க ஆரம்பித்தார். "எனக்கும் அந்தப் பையனைப் புடிச்சிருக்கு."