சரம் ரூமில் உலக வரலாறு

பட்டாசு ரூமுக்குள் செல்போன் கூடாது, செருப்பு கூடாது, இரும்புச் சாமான் எதுவும் கூடாது. வாய் மட்டும் கூடும். அதற்கும் தடை போட வேண்டும் என்று எந்த அதிகாரிக்கும் இன்னும் தோன்றவில்லை. அந்தப் புண்ணியத்தில்தான் பாண்டிமீனா உலக வரலாறு படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் இருந்தது சரம் பின்னும் ரூம். சின்னச் சின்ன வெடிகளின் திரியை நூலில் இழுத்துக் கட்டி மாலையாகப் பின்ன வேண்டும். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ரூமுக்கும் ரூமுக்கும் நடுவே வேப்பமரமும் வெறும் பொட்டலும். ஒன்று போனாலும் அடுத்தது பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. கை பழகிவிட்டால் தன்பாட்டுக்கு ஓடும், வாய்க்கு வேலை இருக்காது. மற்ற ரூம்களில் சீரியல் கதை ஓடியது. இந்த ரூமில் பிரெஞ்சுப் புரட்சி ஓடியது.

அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு, பிறகு பி.எட். முடித்தவள். ஆசிரியர் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. பாடத்தில் ஒரு பகுதி முழுக்க வெறும் சொற்கள்: அரசியல் சொற்கள், பொருளாதாரச் சொற்கள், சமயச் சொற்கள். விடியற்காலையில் வீட்டில் உருப்போட்டுவிட்டு, பகலில் ரூமில் ஒப்பிப்பாள். கேள்வி கேட்பது முருகேஸ்வரியின் வேலை. ஆமத்தூரிலிருந்து வேனில் வருகிறவள், எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கேள்வி கேட்பதில் வாத்தியார் தோற்றுப்போவார்.

"ஏட்டி மீனா, நெலமானியம்னா என்னா?"

"ராசா நெலத்தக் குடுப்பாரு. வாங்குனவுக காலம்பூரா அவருக்கு விசுவாசமா இருக்கணும். கூப்பிட்ட நேரம் போயி நிக்கணும்."

"ஒங்க வீடு மாதிரின்னு சொல்லு" என்றாள் ராக்காயி. அந்த ரூமில் மூத்தவள், எதையும் மூடி வைத்துப் பேசத் தெரியாதவள். ரூமில் நாலாவது ஆளான பாண்டிலட்சுமி சிரித்தாள். பாண்டிமீனாவும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்தச் சொல் அன்றைக்கு முழுக்க நெஞ்சில் முள்ளாக நின்றது, ஏனென்றால் ராக்காயி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பாண்டிமீனாவின் அப்பா ஒச்சப்பன் இதே கம்பெனியில் வேலை பார்த்து இரண்டு கையும் வெந்துபோனவர். விரல்கள் மடங்காது. முதலாளி சீனிவாசகம் அவரைக் கைவிடவில்லை. கேட்டுக்குக் காவலாளாக ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். காம்பவுண்டை ஒட்டி ஒரு வீட்டையும் கொடுத்தார். வேறு யார் செய்வார்கள்? அதுதான் சங்கடமே. கெட்ட மனுசனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது தூங்கலாம். நல்லவருக்குக் கட்டுப்பட்டவளுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. மீனாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் முதலாளியைக் கேட்க வேண்டும், ஊர்ப் பொங்கலுக்குப் போக வேண்டுமென்றாலும் கேட்க வேண்டும். வேலையை விட்டால் வீடு போகும். வீடு போனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு அப்பா எங்கே போவார்? அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கிடைத்தால், எந்த ஊராக இருந்தாலும் ஒரு வாடகை வீடு பிடித்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அந்தத் தேர்வைத் தவிர அவளுக்கு வேறு வாசல் இல்லை.

ரூமில் சொற்கள் மெல்ல மெல்ல வேறு வேலை பார்க்க ஆரம்பித்தன. முதலாளி கார் உள்ளே வந்தால் "பேரரசு வருது" என்றாள் பாண்டிலட்சுமி. போர்மேன் அருள்பாண்டி இவர்களுடைய டிபன் பாக்ஸிலிருந்து ஆளுக்கொரு வடை எடுத்துக்கொள்வதற்குக் "கப்பம்" என்று பெயர் வைத்தாள் ராக்காயி. சீசன் நேரம், தீபாவளி லோடு வடக்கே போய்க்கொண்டிருந்தது, மூச்சுவிட நேரமில்லை. அந்த நெருக்கடியில் இந்தச் சிரிப்பு ஒன்றுதான் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது.

சமயச் சொற்களுக்கு வந்த அன்றுதான் சிரிப்பு நின்றது.

"பாவமன்னிப்புச் சீட்டுன்னா?" என்று கேட்டாள் முருகேஸ்வரி.

"முன்னாடி ஐரோப்பாவுல, பாவம் பண்ணுனவுக திருச்சபைக்குக் காசு குடுத்தா ஒரு சீட்டு குடுப்பாக. தண்டன கொறஞ்சிரும்னு நம்பிக்கை. அதை எதுத்துத்தான் மதச் சீர்திருத்தமே ஆரம்பிச்சது."

முருகேஸ்வரியின் கை நின்றுவிட்டது. போன வருடம் மருந்து ரூமில் தீப்பிடித்தபோது செத்துப்போனவள் அவளுடைய தங்கச்சி. வெடிமருந்து கலக்குகிற ரூம் அது. காரியம் முடிந்த கையோடு முதலாளி ஊர்க் காளியம்மன் கோயிலுக்குக் கோபுரம் கட்டி, கும்பாபிஷேகம் நடத்தி, சுற்றுப்பட்டி முழுக்கச் சோறு போட்டார். இவர்களும்தான் இலை போட்டுச் சாப்பிட்டார்கள்.

"அந்த ரூம் கதவு இன்னைக்கும் உள்ளாறதான் தெறக்குது" என்றாள் முருகேஸ்வரி. "எந்தங்கச்சி தள்ளித் தள்ளிப் பாத்திருக்கா. வெளிய தெறக்குற மாதிரி மாத்துறதுக்கு எம்புட்டு நேரமாகும்? அத மாத்தல. கோபுரம் வந்துருச்சு. அப்ப நம்ம மொதலாளி வாங்குனதும் அந்தச் சீட்டுதான?"

வெளியே வேப்பமரத்தடியில் பீடி குடிக்கவும் வழியில்லாமல் சும்மா நின்றிருந்த அருள்பாண்டி அப்போதுதான் நகர்ந்து போனான்.

அருள்பாண்டிக்கு வரலாறும் தெரியாது, கிண்டலும் புரியாது. பல நாளாக அந்த ரூமிலிருந்து காதில் விழுந்த சொற்களை அவன் தன் அறிவுக்கு எட்டியபடி கோர்த்துப் பார்த்தான். புரட்சி, பாட்டாளி வர்க்கம், பொது வேலைநிறுத்தம், கூட்டணி. சந்தேகமே இல்லை, சீசன் உச்சத்தில் சங்கம் கட்டுகிறார்கள். தீபாவளி ஆர்டரைக் கவிழ்க்கப் போகிறார்கள். ஓடிப்போய், காதில் விழுந்ததை ஒன்று விடாமல் முதலாளியிடம் சொல்லிவிட்டான்.

இரண்டு நாள் கழித்து பாண்டிமீனாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சீனிவாசகம் வெள்ளைச் சட்டையில், நெற்றியில் விபூதியோடு சாந்தமாக உட்கார்ந்திருந்தார். அருள்பாண்டி கதவோரம் நின்றான்.

"வா தாயி. அருள்பாண்டி என்னமோ சங்கம்ங்கான், புரட்சிங்கான்."

"பரீட்சைக்குப் படிக்கேன் அண்ணாச்சி. எல்லாம் பாடத்துல வர்ற வார்த்தைக."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. நானும் காலேஜ்ல வரலாறு படிச்சவந்தான். சொல்லு பாப்போம். பொது வேலைநிறுத்தம்னா?"

அவள் சொன்னாள். பாட்டாளி வர்க்கம் என்றால்? சொன்னாள். குற்றமில்லை என்று காட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் சரியான பொருள் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல, எல்லாம் இந்த ஆபீசுக்குள்ளேயே, இந்த மேசை மேலேயே வந்து விழுந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் "அது ஐரோப்பாவுல அண்ணாச்சி" என்று ஒட்டுப்போட்டாள்.

"பண்ணையடிமை?"

"அடிமை மாதிரி விக்க முடியாது. ஆனா அவுக இருக்குற நெலத்த விட்டுப் போக முடியாது. கல்யாணத்துக்குக்கூட பண்ணைக்காரரக் கேக்கணும். அது ஐரோப்பாவுல."

"அங்கனயே இருக்கட்டும்" என்று சிரித்தார். "பாவமன்னிப்புச் சீட்டு?"

அதையும் சொன்னாள்.

"அதுவும் ஐரோப்பாவுலதானா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப நம்ம காளியம்மன் கோயிலுக்கு அதக் கொண்டுவந்தது யாரு?"

இதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. சங்கமும் புரட்சியும் அருள்பாண்டியின் பயம். முதலாளிக்கு வலித்த இடம் வேறு. முருகேஸ்வரி என்று ஒரு பேரைச் சொன்னால் தேர்வு வரைக்கும் வீடும் வேலையும் பத்திரம். சொல்லாவிட்டால் இரண்டும் போகும், அப்பாவின் ஸ்டூலும் போகும். ஆனால் தங்கச்சியைப் பறிகொடுத்தவள் ஒரு வார்த்தை பேசியதற்கு அவளைக் காட்டிக்கொடுக்க முடியாது என்று நினைத்தாள்.

"நாந்தான் சொன்னேன்."

"ஒனக்கு அப்படிச் சொல்ல என்ன தாயி வருத்தம்? வருத்தம் இருக்குறவளுக்குத்தான் அந்தப் பேச்சு வரும்" என்றார். கோபமே இல்லை. "சரி, விடு. யாரையும் நான் வெளிய அனுப்புறதில்ல. நம்ம ஒச்சப்பன் மக, இம்புட்டுப் படிச்சவ, சரம் பின்னிக்கிட்டு இருக்கது எனக்குத்தான் கொறச்சல். நாளையில இருந்து ரூம் சொல்றது நீதான். சூப்பர்வைசர்."

தினமும் காலையில் வேன்கள் வந்து நின்றதும், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, இன்னார் இன்ன ரூம் என்று கூப்பிடுவார்கள். அதற்குத்தான் ரூம் சொல்வது என்று பேர். சொன்னபின் மறுபேச்சு கிடையாது.

"எனக்குப் பரீட்சை இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

"எழுது, யாரு வேண்டாங்கா? விருதுநகருக்கு நம்ம கார்லயே போயிட்டு வா. ஒங்கப்பாகிட்ட காலையிலயே சொல்லிட்டேன். மனுசன் கண்ணு கலங்கிட்டாரு."

காலையிலேயே. அப்படியென்றால் அவள் இங்கே வந்து நிற்பதற்கு முன்பே எல்லாம் முடிவாகியிருக்கிறது. அவள் யார் பேரைச் சொல்லியிருந்தாலும், சொல்லாமலே இருந்திருந்தாலும் அந்த நாற்காலி அவளுக்குத்தான்.

வீட்டில் ஒச்சப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மடங்காத விரல்களால் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். தனக்கு இந்த வேலை வேண்டாம் என்று அவள் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

"வேண்டாம்னு சொல்லிட்டு எங்கன போவம்மா?" என்றார். "பரீட்சையில நீ பாஸ் பண்ணு, நானே மூட்டையக் கட்டுறேன். அது வரைக்கும் அவுக மனசு கோணாம இரு."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. யார் சொன்னதிலும் தப்பில்லாமல் போனதுதான் அவள் தலையெழுத்து.

மறுநாள் காலை வேன்கள் வந்தன. பெண்கள் இறங்கி மரத்தடியில் கூடினார்கள். நாற்காலியில் பாண்டிமீனாவைப் பார்த்ததும் பேச்சு சட்டென்று நின்றது. அருள்பாண்டி பின்னால் குனிந்து ஒவ்வொரு பேராக அவள் காதில் சொல்ல, அவள் உரக்கச் சொல்ல வேண்டும். சரம் ரூமுக்கு ராக்காயி, பாண்டிலட்சுமி, புதிதாக இருவர். லேபிள் ஒட்டுகிற ரூமுக்கு நாலு பேர். சொல்லிக்கொண்டே வந்தாள்.

"மருந்து ரூம், முருகேஸ்வரி" என்றான் அருள்பாண்டி காதில்.

அவள் வாய் திறக்கவில்லை. அவன் மறுபடியும் சொன்னான்.

"மருந்து ரூம், பாண்டிமீனா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

"ஏ புள்ள, வெளையாடுதியா?" அருள்பாண்டி பதறிப்போனான். "ரூம் சொல்றவுகளுக்கு ரூம் கெடையாது. மொதலாளி சொல்லாம ஒரு பேரையும் மாத்த முடியாது. ஒக்காரு." கேட்டில் ஒச்சப்பன் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, என்ன நடக்கிறது என்று தெரியாமல் இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பாண்டிமீனா உட்கார்ந்தாள்.

யாரும் சொல்லாமலேயே முருகேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்குத்தான மருந்து ரூம்?"

"அக்கா, சத்தியமா ஒம்பேரச் சொல்லல" என்றாள் பாண்டிமீனா. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "அந்த வார்த்தையச் சொன்னது நாந்தான்னு ஒத்துக்கிட்டேன். மொதலாளி முன்னாடி நின்னு சொன்னேன்க்கா."

ராக்காயி வேறு பக்கம் பார்த்தாள். பாண்டிலட்சுமி தரையைப் பார்த்தாள். முருகேஸ்வரி மட்டும் நேராக இவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

"மொதலாளிய அப்படிப் பேசுனது நாந்தான்னு அவருகிட்டயே சொன்னீக" என்றாள். "அதுக்கு அவரு நாற்காலி போட்டுக் குடுத்தாரு. அப்படித்தான?"

அப்படித்தான். ஒரு எழுத்து பிசகாமல் நடந்தது அதுதான். ஆனால் அத்தனை பேர் கேட்க அதைச் சொன்னபோது பாண்டிமீனாவின் காதுக்கே அது நம்புகிற மாதிரி இல்லை.

"பேரு சொல்லுங்க. நேரமாகுது" என்றாள் முருகேஸ்வரி. செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டுவிட்டு மருந்து ரூமைப் பார்த்து நடந்தாள்.

அருள்பாண்டி குனிந்து அடுத்த பேரைச் சொன்னான். பாண்டிமீனா அதை உரக்கச் சொன்னாள்.