எருமைக்கு ஒரு குரல்

படகில் ஆறு பேர். கொக்கு சுக்கான் பிடிக்கும், தவளை இயந்திரம் பார்க்கும், நண்டு சமைக்கும், ஆமை வரைபடம் வாசிக்கும். அணில் ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும். எருமை உட்கார்ந்திருக்கும். படகு கவிழாமல் இருக்க அடியில் ஒரு பாரம் வேண்டும், அதற்காகத்தான் எருமையை ஏற்றினோம் என்று முதல் பகுதியிலேயே ஆமை சொல்லிவிடும். இந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு ஒரு கார்ட்டூன் தொடர் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

எருமைக்குக் குரல் கொடுத்தவர் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார், சட்டையில் பாதிப் பொத்தான் போட்டிருந்தார், அவ்வளவுதான். அவருடைய மனைவிதான் அந்தத் தொடரின் ஒலித்தொகுப்பாளர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் அவள் எடிட்டர். சாவு வீட்டில் அவள் அழவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். எருமையோடு குடித்தனம் செய்தவள் வேறெப்படி இருப்பாள்?

புதிய பகுதிகளுக்கு வேலை தொடங்கும் நேரத்தில் இயக்குநர் அவள் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மனிதர் அப்படி உட்கார்ந்தாலே ஏதோ விழுங்க முடியாததைக் கொண்டுவந்திருக்கிறார் என்று பொருள்.

"மேலிடத்துல ஒரு கேள்வி கேட்டிருக்காங்கம்மா. எருமை மெயின் கேரக்டரா, சைடு கேரக்டரான்னு."

"எதுக்கு?"

"மெயின்னா வேற ஆளை வச்சுப் பேச வச்சுத் தொடரணுமாம். சைடுன்னா கதையிலயே மரியாதையா ஊருக்கு அனுப்பிடணுமாம். ஆறு பேருமே மெயின்தான்னு சொல்லிப் பாத்தேன். அது பதிலே இல்லைன்னுட்டாங்க." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க என்ன சொல்றீங்களோ, அதையே நானும் சொல்லிடறேன்."

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலைமை. நாயகன் என்று சொன்னால், நாளைக்கே யாரோ ஒருவன் வந்து அவர் வாயால் பேசுவான். நாயகன் இல்லை என்று சொன்னால், ஒன்பது வருடம் அவர் பார்த்த வேலை ஒன்றுமில்லை என்று கட்டியவளே கையெழுத்துப் போட்ட மாதிரி. அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"சைடுதான் சார். ஊருக்கு அனுப்பிடுங்க."

"அவசரம் வேணாம்மா. எருமை இல்லாம ஒரு பகுதி எடுத்துப் பாப்போம். அப்புறம் சொல்லிக்கலாம்."

செய்தி கசிந்ததும் சாப்பாட்டு அறையில் சண்டை மூண்டது. அந்த நிறுவனத்தில் வேறெதைக் கேட்டாலும் பதில் வராது, நாயகன் யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். சுக்கான் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் என்றார் கொக்குக்குப் பேசுபவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற மனிதர் அவர். விளம்பரத் தட்டியில் நடுவில் நிற்பது யார், போய்ப் பாருங்கள் என்றாள் அணிலுக்குப் பேசும் அக்கா. ஐம்பத்தைந்து வயது, இரண்டு முழங்காலிலும் வலி, வாயைத் திறந்தால் எட்டு வயது வாலு. எருமையின் பெயரை யாரும் எடுக்கவில்லை. உயிரோடிருந்தபோது அவரும் இந்தச் சண்டையில் கலந்துகொண்டதில்லை. "எனக்கு வசனம் கம்மி, சாப்பிட நேரம் ஜாஸ்தி. இதைவிட நல்ல வேஷம் உண்டா?" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வார்.

மற்ற இடங்களில் குரல் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து பேசிவிட்டுப் போவார்கள். இங்கே அப்படியில்லை. ஒரே அறையில், ஆறு மைக் முன்னால், வட்டமாக நின்று ஆறு பேரும் சேர்ந்து பேசுவார்கள். அதில் எடிட்டருக்கு ஒரு தலைவலி உண்டு. யார் பேசினாலும் அவள் புருஷன் ம் கொட்டுவார். கொக்கு பேசினால் ம். நண்டு புலம்பினால் ம்ம். அது அடுத்தவர் மைக்கில் எல்லாம் போய் விழும். எருமை திரையில் இல்லாத காட்சிகளில் அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுப்பது அவள் வேலை.

"கதை கேக்கற குழந்தையா நீங்க? எதுக்கு இப்படி ம் கொட்டறீங்க?" என்று வீட்டில் கத்துவாள்.

"எதிர்ல நின்னு ஒருத்தர் பேசும்போது கல்லு மாதிரி நிக்கறதா?" என்பார். மறுநாளும் கொட்டுவார்.

எருமை இல்லாத பகுதியை ஐந்து பேரும் பேசி முடித்தார்கள். அவள் தொகுக்க உட்கார்ந்தாள். அணில் பாய்மரத்தில் ஏறி நின்று மூச்சுவிடாமல் கத்த வேண்டிய இடம் அது. "கரை தெரியுது. மரம் தெரியுது. ஆளுங்களைத்தான் காணோம்." திரையில் ஒலிக்கோடு ஓடியது. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு சின்ன இடைவெளி. அக்காவுக்கு மூச்சு வாங்குகிறதோ என்று நினைத்தாள். கொக்கின் வசனத்தைப் பார்த்தாள். அதிலும் இடைவெளி. தவளை, நண்டு, ஆமை, எல்லாரும் ஒரே அளவுக்கு நின்று நின்று பேசியிருந்தார்கள்.

அணில் அக்காவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டினாள்.

"ஏன்க்கா நடு நடுவுல நிறுத்தறீங்க?"

"நான் எங்க நிறுத்தினேன்? ரயில் மாதிரி ஓடினேனே."

இன்னொரு முறை போட்டாள். அக்கா கேட்டாள். மெதுவாக ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன் ம் கொட்டுவான்னு நிக்கறேன் கண்ணு. பாவி, பழக்கி வச்சுட்டுப் போயிட்டான்."

அக்கா அழுதாள். எடிட்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு தனியாக உட்கார்ந்து இடைவெளிகளை எல்லாம் வெட்டி ஒட்டிப் பார்த்தாள். அணில் தனக்குத் தானே பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. கொக்கின் நகைச்சுவை நமத்துப்போயிருந்தது. பழைய பகுதி ஒன்றிலிருந்து அவருடைய ம் ஒன்றை எடுத்து அந்த இடைவெளியில் வைத்தாள். சட்டென்று காட்சிக்கு உயிர் வந்துவிட்டது. செத்த மனிதரை எழுப்பி வேலை வாங்குகிறோமே என்றிருந்தது. அதை எடுத்துவிட்டாள். சைடு கேரக்டர் என்று தான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தபோது அவள் தன்னையே வெறுத்தாள்.

அடுத்த நாள் இயக்குநரிடம் போனாள்.

"மெயின்தான்னு சொல்லிடுங்க சார்."

"அப்போ வேற ஆளு வரணுமேம்மா."

"வரட்டும். இவங்க அஞ்சு பேரும் காலி இடத்தைப் பாத்துப் பேசிட்டிருக்காங்க. அதைக் கேக்க என்னால முடியாது."

வந்தவர் ரயில் நிலைய அறிவிப்புகளுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர். பாவம், ஒன்பது வருடத்துப் பகுதிகளையும் பார்த்துப் படித்துவிட்டு வந்திருந்தார். மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தார். அச்சு அசல் அதே குரல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எடிட்டர் ஹெட்போனைக் கழற்றினாள். பேசும் பொத்தானை அழுத்தினாள்.

"அவரை மாதிரி வேணாங்க. நீங்க வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ, அப்படிப் பேசுங்க."

அவருடைய சொந்தக் குரல் மெலிதாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. எருமை இளைத்துப்போன மாதிரி. அணில் அக்கா அவர் தோளைத் தட்டினாள்.

"நாங்க பேசும்போது ம் கொட்டணும் தம்பி. இல்லன்னா எங்களுக்கு ஓடாது."

முதலில் தப்பான இடத்தில் கொட்டினார். கொக்கு முறைத்தார். பிறகு தாமதமாக வந்தது. மூன்றாவது காட்சியில் சரியாக வந்து விழுந்தது. அணில் பாய்மரத்தில் ஏறிக் கத்தினாள், கொக்கு ஏதோ கடி ஜோக் அடித்தார், நண்டு வசனத்தை மறந்து சிரித்தார். ஐந்து பேரும் அந்தப் புது மனிதரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். பழைய மாதிரியே பேசினார்கள்.

எருமை வேறு, அவர் வேறு என்று இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றவே இல்லை. வேறு யாரும் அந்த வாயால் பேசாதவரை அவர் எங்கேயோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது படகில் எருமை நன்றாக உட்கார்ந்திருந்தது. படகு ஆடவில்லை. அவர் அதில் இல்லை.

"எடிட்டர், ஓகேவா?" இயக்குநர் கேட்டார்.

"ஓகே" என்றாள். அந்தக் காட்சியைச் சேமித்தாள். எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து, அத்தனை மாதமும் அழாத அழுகையை வாய்விட்டு அழுதாள். தேநீர் கொண்டுவந்த பெண் பயந்துபோய் அப்படியே திரும்பினாள்.

அணில் அக்கா ஓடி வந்தாள். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும், ஆனாலும் உட்கார்ந்தாள். எடிட்டரின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு, நல்லா இல்லையா? வேற ஆளைப் பாக்கச் சொல்லவா?"

"நல்லாத்தான் இருக்குக்கா," என்றாள். "எருமை பிழைச்சிடுச்சு. அவர்தான் செத்துப் போயிட்டாரு."