ஏழு பத்து பஸ்

1999 ஜூன் பதினான்காம் தேதி காலை ஏழு பத்துக்கு, புதுப்பட்டினம் சமுதாயக் கூடத்துப் பின்சுவரில் வரைந்திருந்த பஸ் கிளம்பிப் போனது. மாலை ஐந்தரைக்குத் திரும்பிவந்து, சுவரில் தன் இடத்தில் நின்றுகொண்டது. இடைப்பட்ட நேரத்தில் சுவர் வெறும் சுவராக இருந்தது. அன்று திங்கட்கிழமை.

வரைந்தவள் சந்திரம்மாவின் மகள் ஜாக்குலின். டிப்ளமா முடித்தவள். மூன்று முறை அணுமின் நிலைய வேலைக்குத் தேர்வு எழுதினாள். மூன்றாவது பட்டியலிலும் பெயர் இல்லை என்று தெரிந்த அன்று பாயில் படுத்தாள். அதன்பின் பதினோரு மாதம், குளிக்கச் சொன்னால் குளித்தாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், சொல்லாவிட்டால் இரண்டும் இல்லை. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கும் சந்திரம்மா, வீடு திரும்பியதும் மகளுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. வேலையில்லாத இளைஞர்களின் மனதைக் கலையால் தேற்றி, அப்படியே எதிர்காலத்துக்கும் வழிகாட்டப்போவதாக அறிவித்தது. வேலை கொடுப்பதைவிட வர்ணம் கொடுப்பது சுலபம் என்பதில் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒருங்கிணைப்பாளர் பார்த்தசாரதி ஒரு படிவம் நீட்டினார். அழுவதிலிருந்து சிரிப்பதுவரை ஐந்து வட்ட முகங்கள். வாராவாரம் ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். ஜாக்குலின் வாயில்லாத ஆறாவது முகத்தைத் தானே வரைந்து, அதில் டிக் போட்டாள். விதியில் இடமில்லாததால் அவர் அதை நடுமுகமாகத் திருத்திக்கொண்டார். பிறகு எல்லோரையும் அவரவர் எதிர்காலத்தைச் சுவரில் வரையச் சொன்னார். மற்றவர்கள் சூரியனும் புறாவும் வரைந்தார்கள். ஜாக்குலின் முப்பதடி நீளத்துக்கு ஒரு ஸ்டாஃப் பஸ் வரைந்து, வகுப்பில் இருந்த பதினொரு பேரையும் சன்னலோரம் உட்காரவைத்தாள். டிரைவரை வரையப் பெயிண்ட் போதவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு பேரும் சோற்று டப்பாவோடு சுவரருகே நின்று ஏறிப்போனார்கள். அன்று ஜாக்குலின் யாரும் சொல்லாமலே குளித்திருந்தாள். மாலையில் இறங்கியவளைச் சந்திரம்மா மடக்கினாள்.

"எங்கடி போயிட்டு வரீங்க?"

"வேலைக்கு."

"இன்னா வேலை?"

"போய்ச் சேந்தாத்தாம்மா தெரியும். பாதி வழிலயே திரும்புற டைம் ஆயிடுது."

"நிக்காம போவுது யக்கா, அதுவே போதும்," என்றான் பின்னால் இறங்கிய ஸ்டான்லி.

இருபது வருடம் சர்வீஸ் போட்டவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள் என்பதால் சந்திரம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. புதுப்பட்டினத்தில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் ஆபீசில் போய் விசாரிப்பதில்லை. காலையில் எந்த பஸ்ஸில் ஏறுகிறான் என்று மட்டும் பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் இரண்டே வருடத்தில் ஸ்டான்லிக்கும் இன்னும் மூன்று பேருக்கும் கல்யாணம் ஆனது. அணுமின் நிலையத்தில் ஓய்வுபெற்ற ராமானுஜம் ஒருநாள் கதிர்வீச்சுமானியைக் கொண்டுவந்து சுவரில் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. முள் அசையாத எதற்கும் கவலைப்படும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது.

2001 மார்ச்சில் திட்டம் முடிந்தது. கூடத்தை வாங்கியபடியே வெள்ளைச் சுவரோடு ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். சுண்ணாம்பு அடிக்க வந்தவன் காலை பதினோரு மணிக்கு வந்தான். சூரியனையும் புறாக்களையும் அழித்தான், நடுவில் காலியாக இருந்த முப்பதடியிலும் இரண்டு கோட் அடித்தான். மூன்று மணிக்கு அந்த வழியாக வந்த சந்திரம்மா ஈரச் சுவரைப் பார்த்துவிட்டுப் பார்த்தசாரதியிடம் ஓடினாள்.

"எம்பொண்ணு அதுல போயிருக்குது சார். பஸ்ஸு வந்தா எங்க நிக்கும்?"

"கவலைப்படாதீங்கம்மா. போன வாரம் சிரிக்கிற முகத்துலதான் டிக் போட்டிருக்கா," என்று அவர் படிவத்தைக் காட்டினார்.

ஐந்தரைக்கு பஸ் வந்தது. சுண்ணாம்பு காயவில்லை. இரண்டு முறை சுவரில் ஏறப்பார்த்து இரண்டு முறையும் வழுக்கியது. உள்ளே இருந்த யாராலும் இறங்க முடியவில்லை, நிற்காத பஸ்ஸின் கதவு திறப்பதில்லை. ஜாக்குலினின் முகம் சன்னலில் சாயம் போன மாதிரி வெளுத்துக்கொண்டு வந்தது. சந்திரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "என் பின்னாலயே வா," என்று பஸ்ஸைப் பார்த்துச் சொல்லிவிட்டு முன்னால் ஓடினாள். அவளுடைய தொகுப்பு வீட்டுச் சுவர் பதினைந்தடிதான். மீதிப் பதினைந்தடி ஒட்டிய வீட்டு முனியம்மாவுடையது. முனியம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பின்சக்கரம் மட்டும் உன் சொவத்துல நிக்கட்டும்டி."

"பொக வுடுமா?"

"வரைஞ்சதுதானே, வுடாது."

முனியம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தாள். "ஹாரன் அடிச்சா பேஜாரு, இப்பவே சொல்லிட்டேன்."

பஸ் இரண்டு சுவரிலுமாக நின்றது. கதவு சந்திரம்மாவின் பக்கம் வந்ததால் பதினொரு பேரும் அவள் வாசலில்தான் இறங்கினார்கள். ஜாக்குலினுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகு நிறம் திரும்பியது.

பயனடைந்தோர் பதினொருவர், வேலை பெற்றோர் எவருமில்லை என்று பார்த்தசாரதி அறிக்கை எழுதினார். இரண்டும் உண்மை. அதற்குப் பிறகு எத்தனையோ திட்டங்கள் வந்து போயின. ஜாக்குலின் ஆறு மணிக்கு எழுந்து, தலைவாரி, ஏழு பத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். முனியம்மா தன் பக்கத்துச் சுவரில் துணி காயப்போடுவதை ஏழே காலுக்கு வைத்துக்கொண்டாள், ஐந்து மணிக்கு எடுத்துவிடுகிறாள்.