ஏறின வருசம், இறங்கின வருசம்

ஜன்னலில் மூன்று விளக்குக் கம்பங்கள் தெரிகின்றன, நாலாவதைத் திரைச்சீலை மறைத்திருக்கிறது, மைதானத்தில் இன்னும் விளக்குப் போடவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மனைவி தவமலர் வாய் கோணிக் கிடக்கிறாள், நேற்றுக் காலை தேநீர்க் கோப்பையோடு சரிந்தவள், இப்போது பேச்சு வந்துவிட்டது, ஆனால் அந்தப் பேச்சுத்தான் என்னைப் பயமுறுத்துகிறது. ஆங்கிலம் வரவில்லை, தமிழ் மட்டும் வருகிறது, இளம் டாக்டர் கேட்கக் கேட்க நான் மொழிபெயர்க்கிறேன், இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள், கடைசி மட்சில தப்பின வருசம் என்கிறாள் இவள், மகன் பிறந்தது எப்போது, ஏறின வருசம், இது எந்த வருசம், இறங்கினதுக்கு அடுத்த வருசம், டாக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறாள், புத்தி குழம்பியிருக்கலாம், வீட்டுக்கு அனுப்ப முடியுமோ தெரியாது, பராமரிப்பு இல்லம் ஒன்றைப் பார்த்து வையுங்கள் என்கிறாள்.

ஏறின வருசம், அது எங்கேயோ கேட்ட சொல், எங்கேயோ என்ன, என் வீட்டுக் குசினியில் சமையலுக்கு நடுவே கேட்ட சொல், எண்பத்தேழில் இந்த ஊருக்கு வந்தபோது தமிழரென்று நாங்கள் இரண்டு பேர்தான், சனிக்கிழமைகளில் இந்த ஜன்னலில் தெரியும் ஹாலோபீல்ட் டவுன் கால்பந்துக் கழக மைதானத்துத் தேநீர்க் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது, பந்தைப் பார்க்காமலே சத்தத்தை வைத்துக் கோல் யாருடையதென்று சொல்லிவிடுவாள், ஒரு கோப்பையும் வெல்லாத கழகம், ஒரு வருசம் மேல்பிரிவுக்கு ஏறும், ஒரு வருசம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும், சில வருசம் நடுவில் கிடக்கும், அதற்காக என்னிடம் கோபிப்பாள், எங்கள் வீட்டில் ஆண்டும் கால்பந்துப் பருவம் போல ஆகஸ்டில் பிறந்து மே மாதத்தில் முடிந்தது, வீடு வாங்கியது பதினோராம் இடத்தில் நின்ற வருசம், அவளுடைய அம்மா ஊரில் செத்தது ஏழு மட்ச் தொடர்ந்து தோற்ற வருசம், அழுதுகொண்டே தேநீர் ஊற்றினாள், அட, இவளா குழம்பியிருக்கிறாள்.

அவளுடைய கைப்பையைக் கவிழ்த்தேன், கழகத்தின் கைநூல் விழுந்தது, கடைசிப் பக்கத்தில் பருவத்துக்கு ஒரு வரி, டாக்டரின் முன்னால் விரலை வைத்துக் காட்டினேன், எண்பத்தாறு எண்பத்தேழு, நாலாம் பிரிவு, கடைசிக்கு முந்திய இடம், இறங்காமல் தப்பியது, தொண்ணூற்றிரண்டு தொண்ணூற்றுமூன்று, மேல்பிரிவுக்கு ஏறியது, போன பருவம், இறங்கியது, டாக்டர் தன் தாளைப் புரட்டினாள், மகன் பிறந்தது தொண்ணூற்றுநாலு என்று இதில் இருக்கிறதே என்றாள், நேற்று அவசரத்தில் அந்தத் தாளை நிரப்பியது நான்தான், தவமலர் தலையைத் திருப்பினாள், தொண்ணூற்றிமூண்டு மே மாசம், ஏறின கிழமைதான் நிரோஷன் பிறந்தவன், இந்த மனுசனுக்கு ஒண்டும் ஞாபகமில்லை. அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன், டாக்டர் சிரித்தபடி தாளில் எதையோ பேனாவால் வெட்டினாள், கால் கை தேறினால் வீட்டுக்குத்தான் என்றாள், எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, இவ்வளவு நிம்மதியை நான் எந்த மே மாதத்திலும் அறிந்ததில்லை.

கைநூலில் இந்தப் பருவத்துக்கு வரி இல்லை, அடியில் கொஞ்சம் வெள்ளை இடம், என்ன எழுத என்றேன், தப்பின வருசமெண்டு எழுதுங்கோ, பருவத்தில இன்னும் பாதி மட்ச் கிடக்கப்பா என்றேன், கிடந்தால் கிடக்கட்டும், எழுதுங்கோ, எழுதினேன், வெளியே நாலு மணிக்கே இருட்டுகிறது, மைதானத்தில் விளக்குப் போடுகிறார்கள், இஞ்சேருங்கோ, நாலாவது எங்க, அந்தச் சீலையை இழுத்து விடுங்கோ, எழுந்துபோய் இழுத்துவிட்டேன், நாலும் எரிகின்றன.